நடுங்கும் கைகளின் விண்ணப்பம்



சென்ற மழைக்காலத்தில் எங்கள் ஆண்கள் வார்டுக்கு ஓர் ஓய்வுபெற்ற உபதேசியார் வந்து சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் சிற்றூர்ச் சபைகளில் ஊழியம் செய்தவர். சைக்கிளிலேயே பல ஊர்களைச் சுற்றியவர். இப்போது சட்டைப் பொத்தானைப் போட அவருக்குக் கால்மணி நேரம் ஆகிறது. ஒரு காலத்தில் முத்து முத்தாக எழுதிய கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துப்போயிற்று. குரலும் தாழ்ந்துவிட்டது. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் நடுக்குவாதம் என்று சொல்வது இதைத்தான்.

ஒரு மாலை நாங்கள் வார்டைச் சந்திக்கச் சென்றபோது, அவருடைய மனைவி எங்களைத் தனியே அழைத்து, "எட்டு மாசமா அவுக திருவிருந்துக்கு வரல, ஐயா. கை நடுங்கி ரசம் சிந்திருமோன்னு பயம். கடைசி பெஞ்சில உட்கார்ந்திருந்துட்டு, அறிக்கை சொன்னதும் எழும்பி வெளிய போயிருவாக" என்றார்கள். எங்களுக்கு மனம் கனத்துப்போயிற்று. நாங்கள் கட்டிலருகே அமர்ந்ததும் உபதேசியார் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, இதுக்குத் தீர்ற மருந்து இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சரி. ஆனா அப்படி ஒரு மருந்து வேணும்னு யாராச்சும், எங்கயாச்சும் கேட்டிருக்காகளா?"

நோயாளிகள் பலவிதமான கேள்விகளைக் கேட்பார்கள். 'எனக்கு ஏன் இது வந்தது' என்பது அநேகமாக எல்லாரும் கேட்பது. 'யாராவது கேட்டிருக்கிறார்களா' என்று ஒருவர் கேட்டது எங்களுக்குப் புதிது. அவருக்குச் சொன்ன பதிலையே இம்மாதப் பாடமாக உங்கள் முன் வைக்கிறோம். ஆம், கேட்டிருக்கிறார்கள். நடுங்கும் கைகளோடு சட்டம் இயற்றுகிறவர்களின் வாசலுக்கே போய்க் கேட்டிருக்கிறார்கள்.

நோயைப் பற்றிச் சில வார்த்தைகள்

நடுமூளையில் கருநிறமாய்த் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்தவுடன் கை நீள்வதும், கால் எடுத்து வைப்பதும், முகம் மலர்வதும் தடையின்றி நடக்க அது வேண்டும். பார்க்கின்சன் நோயில் அந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. அவற்றில் பெரும்பகுதி போன பிறகே நடுக்கம் வெளியே தெரிகிறது. நடுக்கத்தோடு விறைப்பும், அசைவில் மந்தமும், நிலை தடுமாறி விழுவதும் சேர்கின்றன. முகத்தில் உணர்ச்சி தெரிவதில்லை. ஆகையால் வீட்டார்கூட, 'இவர் கோபமாயிருக்கிறார்' என்று தவறாக எண்ணிவிடுகிறார்கள்.

1817-ல் லண்டனில் இந்நோயைப் பற்றி முதன்முதலாகத் தெளிவான சிறு நூல் ஒன்றை எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர். ஆறே பேரைக் கவனித்து அதை எழுதினார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டவர்தான். அவரைப் பற்றி அநேகர் அறியாத ஒரு செய்தி உண்டு. 1790-களில் அவர் 'முதியவர் ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் துண்டு நூல்கள் எழுதி, ஏழை மக்களின் குரலும் நாடாளுமன்றத்தில் கேட்கப்பட வேண்டும் என்று போராடினார். அதனால் 1794-ல் பிரிவி கவுன்சில் முன் விசாரணைக்கும் நிற்க நேர்ந்தது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அவர் பெயரைத் தாங்கிய நோயுள்ளவர்கள் தங்கள் குரலை எடுத்துக்கொண்டு சட்டமன்ற வாசலுக்குப் போனார்கள்.

இப்போதுள்ள மருந்துகளில் முக்கியமானது லெவோடோபா. மூளைக்குள் சென்று டோபமினாக மாறுவது அது. 1967-ல் நியூயார்க்கில் டாக்டர் கோட்சியாஸ் இதை வாய்வழியாக அதிக அளவில், படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தபோது, அசையாது கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் இம்மருந்து குறைபாட்டை ஈடுசெய்கிறதேயன்றி அணுக்கள் மடிவதை நிறுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மாத்திரையின் பலன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. மருந்து வேலை செய்யும் வேளையிலோ உடல் தானாக நெளிந்து அசையத் தொடங்குகிறது. நோயின் போக்கையே நிறுத்தும் மருந்து இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அதைத் தேடும் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்பதே நோயாளிகளின் விண்ணப்பம்.

கேட்டவர்கள் யார்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த மோரிஸ் உடால் 1961 முதல் 30 ஆண்டுகள் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராயிருந்தார். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தும் கூடைப்பந்து வீரராய் விளங்கியவர். 1976-ல் ஜனாதிபதி வேட்பாளருக்கான கட்சித் தேர்தலில் ஜிம்மி கார்ட்டருக்கு அடுத்த இடத்தில் வந்தவர். நகைச்சுவைக்குப் பேர்போனவர். அத்தகையவரை இந்நோய் பிடித்தது. 1991-ல் வீட்டுப் படிக்கட்டில் விழுந்து காயமுற்றபின் அவர் பதவி விலகினார். அதன்பின் வாஷிங்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைக் கட்டிலிலேயே அவர் நாட்கள் கழிந்தன.

அதே 1991-ல் கலிபோர்னியாவில் ஜோன் சாமுவேல்சன் என்னும் வழக்கறிஞர், பார்க்கின்சன் செயல் வலையமைப்பு என்ற சங்கத்தைத் தொடங்கினார். முப்பது வயதுகளிலேயே இந்நோய்க்கு ஆளானவர் அவர். நோயாளிகளும் குடும்பத்தாரும் வாஷிங்டனுக்கு வந்து, தங்கள் தொகுதி உறுப்பினர்களின் அறைகளில் அமர்ந்து பேசினார்கள். உடாலின் மகள் ஆன், பேச இயலாத தகப்பனுக்காகக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சி சொன்னார்.

செனட் சபையில் இதை எடுத்து நடத்திய இருவர் எதிரெதிர்க் கட்சியினர். ஒருவர் பால் வெல்ஸ்டோன். தம் தகப்பனார் இந்நோயால் துன்பப்பட்டதைக் கண்டவர். மற்றவர் ஜான் மெக்கெய்ன். உடாலின் எதிர்க்கட்சிக்காரர், ஆயினும் அவருடைய நண்பர். பலர் மறந்துபோன பின்னும் அவர் அந்த மருத்துவமனைக்குச் சென்று, கட்டிலருகே அமர்ந்து உடாலுக்குச் செய்தித்தாள் வாசித்துக்காட்டுவார். அங்கே கட்சி குறுக்கே நிற்கவில்லை.

பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பலனாக, 1997 நவம்பர் 13-ல் 'மோரிஸ் உடால் பார்க்கின்சன் ஆராய்ச்சிச் சட்டம்' கையெழுத்தாயிற்று. ஆண்டுக்கு 10 கோடி டாலர் வரை இந்நோயின் ஆராய்ச்சிக்குச் செலவிட அது அனுமதி அளித்தது. உடாலின் பெயரிலேயே ஆராய்ச்சி மையங்களும் அமைந்தன. உடால் அதன்பின் ஓராண்டே உயிரோடிருந்தார். 1998 டிசம்பரில் காலமானார். அந்தச் சட்டத்தால் வந்த எந்த மருந்தும் அவர் உடம்புக்குள் போகவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்கள் நான்கு என்று எண்ணுகிறோம்.

முதலாவது: நோயாளியே பேச வேண்டும்

1999 செப்டம்பர் 28-ல் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழு முன் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் என்னும் நடிகர் வந்து அமர்ந்தார். திரைப்படங்களாலும் தொலைக்காட்சித் தொடர்களாலும் உலகமெங்கும் அறியப்பட்டவர். அப்போது அவருக்கு வயது 38. 1991-ல் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, ஏழு ஆண்டுகள் அதை மறைத்து வைத்திருந்தவர். படப்பிடிப்பின்போது நடுக்கம் தெரியாதபடி மாத்திரை வேளையைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு வாழ்ந்தவர்.

அன்றைக்கு அவர் மாத்திரையை வேண்டுமென்றே எடுக்காமல் போனார். இதைப் பின்னாளில் 2002-ல் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதினார். கைகால் நடுங்க, உடல் விறைக்க, அந்த நிலையிலேயே பேசினார். 'மருந்து இல்லாமல் நான் இப்படித்தான் இருக்கிறேன், பாருங்கள்' என்பதே அவர் நோக்கம்.

இது சரியா என்று கேட்டவர்களும் உண்டு. துன்பத்தைக் காட்சிப்பொருளாக்கலாமா? நாங்கள் இதைப் பலநாள் யோசித்தோம். தன் துன்பத்தைக் காட்டுவதா மறைப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை துன்பப்படுகிறவனுக்கே உண்டு. ஏழாண்டுகள் மறைத்தவர், ஒருநாள் மறைக்காமலிருக்கத் தீர்மானித்தார். வேறொருவர் அவருடைய மாத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தால் அது கொடுமை. அவரே செய்தபோது அது சாட்சி.

இங்கே எங்கள் குற்றம் ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊழியத்தின் ஆரம்ப ஆண்டுகளில் நாங்கள் நோயாளிகளின் படத்தை எடுத்து, கதையை எழுதி, ஆதரவாளர்களுக்கு அனுப்பியிருக்கிறோம். 'எழுதலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்ல நோக்கம்தானே என்று எண்ணினோம். ஒருமுறை ஒரு தாயார், அச்சிட்ட தாளில் தம் படத்தைப் பார்த்துவிட்டு, எழுதியிருந்ததைப் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு எங்களிடம், "படம் என்னோடது, ஐயா. பேச்சு என்னோடது இல்லையே" என்றார்கள். அந்த வார்த்தை இன்றும் எங்களைக் குத்துகிறது. அதுமுதல் கேளாமல் எழுதுவதில்லை. இந்த உபதேசியாரைப் பற்றியும் அவர் சம்மதித்த பின்னரே எழுதுகிறோம்.

எல்லாரும் தாமே பேச இயலுமா? இயலாது. 2002 மே மாதத்தில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி செனட் குழுவின் முன் வந்தபோது, மனைவி லோனி அவருக்காகப் பேசினார். அலி அருகில் அமர்ந்திருந்தார். பேச்சால் உலகையே கலக்கிய மனிதர் மௌனமாய் அங்கே அமர்ந்திருந்ததே பெரிய சாட்சியாயிற்று. பிறர் பேசும்போதும் நோயாளி அந்த அறையில் இருக்கவேண்டும் என்பதே நாம் கற்கவேண்டியது.

இரண்டாவது: தனக்காக மட்டும் கேட்பதல்ல

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பதும் வைத்தியத்துக்குப் பணம் கேட்பதும் ஒன்றல்ல. வைத்தியத்துக்குக் கேட்கிறவன் தான் குணமாகலாம் என்று கேட்கிறான். ஆராய்ச்சிக்குக் கேட்கிறவன், முகம் தெரியாத ஒருவன் என்றோ ஒருநாள் குணமாகலாம் என்று கேட்கிறான்.

ஆராய்ச்சியின் பலன் எப்போது, எங்கே, யாருக்குப் போய்ச் சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. நம் சென்னையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, பிரிட்டனின் உயிர்வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். அது வேறொன்றுமல்ல, லெவோடோபாதான். நடுக்குவாதத்துக்கு அதுவே மருந்தாகும் என்று அன்று யாருக்குத் தெரியும்? மூளைக்கு டோபமின் எவ்வளவு தேவை என்பதை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் எடுத்துக்காட்டியது 1957-ல். இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் அது குறைந்திருப்பதை வியன்னாவில் கண்டது 1960-ல். கோட்சியாஸின் வெற்றி 1967-ல். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நடுவே 30 ஆண்டுகள். (இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையைத் தாமாக அரைத்துக் குடிக்க வேண்டாம். அளவு தவறினால் ஆபத்து. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து.)

ஜெனிஃபர் வெக்ஸ்டனின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். வர்ஜீனியா மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினராயிருந்த இவர், தமக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2023 ஏப்ரலில் அறிவித்தார். செப்டம்பரில், அது அதைவிட வேகமாக முற்றும் வேறொரு மூளைநோய் என்று டாக்டர்கள் கண்டார்கள். அதற்கும் போக்கை நிறுத்தும் மருந்து இல்லை. அவர் மறுபடியும் தேர்தலில் நிற்பதில்லை என்று அறிவித்தார். ஆனால் இருக்கும் நாட்களில், பார்க்கின்சன் நோயை ஒழிக்க ஒரு தேசியத் திட்டம் வேண்டும் என்ற மசோதாவுக்காக உழைத்தார். இதில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த கஸ் பிலிராக்கிஸும் முன்னின்றார். அவருடைய சகோதரர், தாமே ஒரு டாக்டர், இந்நோயோடு வாழ்ந்து 2023-ல் காலமானவர். அந்தச் சகோதரரின் பெயரையும் வெக்ஸ்டனின் பெயரையும் தாங்கிய சட்டம் 2024 ஜூலை 2-ல் கையெழுத்தாயிற்று. அந்த மாதமே வெக்ஸ்டன் தம் சபையில் பேசினார். அவருடைய சொந்தக் குரல் தேய்ந்துபோயிருந்தது. பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு கம்ப்யூட்டரால் உருவாக்கிய குரலே அவருக்காகப் பேசிற்று. 2025 ஜனவரியில் அவர் பதவிக்காலம் முடிந்தது.

தன் நோய் வேறு என்று தெரிந்த பின்னும், பார்க்கின்சன் நோயாளிகளுக்காகத் தொடங்கிய வேலையை அவர் விட்டுவிடவில்லை. இதற்குமேல் விளக்கம் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது: ஒருமுறை கேட்டால் போதாது

1997-ல் சட்டம் வந்துவிட்டதே, 1999-ல் ஃபாக்ஸும் சாமுவேல்சனும் ஏன் மறுபடியும் போனார்கள்? இதை நம் சபையார் நன்றாய்ப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் சட்டம் இவ்வளவு வரை செலவிடலாம் என்று அனுமதி தரும். அந்தப் பணத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்குவது வேறு குழுவின் வேலை. ஒதுக்கிய பணத்தை எந்த ஆராய்ச்சிக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது, பெத்தெஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் வேலை. அனுமதித்த அளவு உண்மையாகவே இந்நோய்க்கென்று செலவாகவில்லை என்பது நோயாளிகளின் முறையீடு.

நம் ஊரிலும் இது உண்டல்லவா? 'ஊருக்குப் பாலம் சாங்ஷன் ஆயிற்று' என்று பட்டாசு வெடிப்போம். பாலம் வர எத்தனை ஆண்டுகள், எத்தனை நடை! சாங்ஷன் ஆன தாளில் ஆற்றைக் கடக்க முடியாது.

அந்த 1999-ம் ஆண்டு விசாரணைக்குப் பின்னரே, செனட்டின் கோரிக்கைப்படி, தேசிய சுகாதார நிறுவனங்கள் 2000-ம் ஆண்டில் ஐந்தாண்டு ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தன. சட்டம் வந்தபின்னும் கேட்டதனால் கிடைத்தது அது. ஃபாக்ஸ் 2000-ல் தொடங்கிய அறக்கட்டளை இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்கு அளித்திருக்கிறது. ஆயினும் அவர்கள் அரசாங்கத்திடம் கேட்பதை நிறுத்தவில்லை. தனியார் காணிக்கை ஒரு வழியைத் திறக்கலாம். அரசாங்கத்தின் பணமே அதை நெடுஞ்சாலையாக்கும்.

'கர்த்தரிடத்தில் கேட்க வேண்டியதை மனிதரிடத்தில், அதுவும் அரசியல்வாதிகளிடத்தில் கேட்பது அவிசுவாசமல்லவா?' என்று நண்பர் ஒருவர் எங்களிடம் கேட்டார். எண்ணாகமம் 27-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக நின்று, தங்கள் தகப்பனின் பங்கைக் கேட்டார்கள். அதுவரை இருந்த வழக்கம் அவர்களுக்கு இடம் தரவில்லை. கர்த்தரோ அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்த்தார். அந்த ஐவருக்கு மட்டுமல்ல, இஸ்ரவேல் முழுமைக்கும் அது சட்டமாயிற்று. அவர்கள் ஜெபித்ததும் கேட்டதும் ஒரே வாசலில்தான்.

நான்காவது: கேட்பதிலும் நேர்மை வேண்டும்

இது கடினமான பாடம். 1999 விசாரணையில், போதிய பணம் இருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் இந்நோயை வென்றுவிடலாம் என்று தேசிய நரம்பியல் நிறுவனத்தின் தலைவர் நம்பிக்கை தெரிவித்தார். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. 1997-ல்தான் இந்நோய்க்குக் காரணமாகும் ஒரு மரபணு மாற்றத்தை அந்நாட்டு அரசாங்க விஞ்ஞானிகள் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். எல்லாரும் உற்சாகத்தில் இருந்தார்கள். ஆனால் பத்து ஆண்டுகளும் போயின, இருபதும் போயின. குணமாக்கும் மருந்து வரவில்லை.

அப்படியானால் எல்லாம் வீண்தானா? இல்லை. அந்த மரபணு, அணுக்களில் கட்டியாகச் சேரும் ஒரு புரதத்தைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் புரதம் தவறாக மடங்கியிருப்பதை முதுகுத்தண்டு நீரில் கண்டறியும் பரிசோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்பது, 2023-ல் பெரியதோர் ஆய்வில் உறுதிப்பட்டது. மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி மின்தூண்டல் கொடுக்கும் அறுவைச் சிகிச்சை, தகுந்த நோயாளிகளுக்குப் பெரும் ஆறுதலாயிருக்கிறது. நோயை முன்கூட்டி அறிந்தால்தான் அணுக்கள் மடியுமுன் காக்க வழி உண்டாகும். கதவு திறக்கவில்லை; ஆனால் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. ஆகையால் கேட்கிறவர்கள் தேதி குறித்து வாக்குக் கொடுக்கக் கூடாது. பொய்யான தேதி நோயாளியின் நெஞ்சை இரண்டாம் முறை உடைக்கும்.

மனச்சாட்சிப் பிரச்சினையும் எழுந்தது. மனிதக் கருவின் அணுக்களைப் பயன்படுத்தும் ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் கொடுக்கலாமா என்பதில் அமெரிக்கச் சபைகள் பிரிந்து நின்றன. 2006-ல் ஃபாக்ஸ் அத்தகைய ஆராய்ச்சியை ஆதரித்துத் தேர்தல் விளம்பரத்தில் தோன்றினார். அவர் உடல் நெளிந்தாடுவதைக் கண்ட வானொலிப் பேச்சாளர் ஒருவர், 'நடிக்கிறார், இல்லையென்றால் மருந்து சாப்பிடாமல் வந்திருக்கிறார்' என்றார். உண்மை என்ன? அந்த நெளிவு மருந்தினாலேயே உண்டாவது. மருந்தில்லாமல் வந்தாலும் குற்றம், மருந்தோடு வந்தாலும் குற்றம் என்றால் நோயாளி எங்கே போவான்? ஆராய்ச்சியின் முறையைக் குறித்து விவாதிக்க நமக்கு உரிமையுண்டு, விவாதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவருடைய கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக அவருடைய வேதனையைப் பொய்யென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்னொன்றும் உண்டு. சினிமா நடிகரும் குத்துச்சண்டை வீரரும் காங்கிரஸ் உறுப்பினரும் இந்நோய்க்கு வாய்த்தார்கள். வாசலுக்கே வர இயலாதவர்களின் நோய்களுக்கு யார் பேசுவது? பணம் ஒரு நோய்க்குப் போனால் மற்றொன்றுக்குக் குறையுமோ என்று நிபுணர்கள் அன்று தயங்கியதில் நியாயம் இல்லாமலில்லை. எங்கள் வார்டுகளில் காசநோயாளிகளையும் தொழுநோயால் விரல்களை இழந்தவர்களையும் பார்க்கிறோம். அவர்களுக்குப் பேர்பெற்ற நண்பர்கள் இல்லை. உரக்கக் கேட்கத் தெரிந்தவர்கள், கேட்கத் தெரியாதவர்களையும் கைபிடித்து அழைத்துச் செல்லவேண்டும். இல்லாவிட்டால் அந்த வாசலும் பலவான்களின் வாசலாகிவிடும்.

அந்த உபதேசியார்

இவற்றில் பலவற்றை ஒரு வாரம் தினம் மாலையில் கொஞ்சம் கொஞ்சமாக உபதேசியாருக்குச் சொன்னோம். உடால் கட்டிலில் கிடக்க, எதிர்க்கட்சிக்காரர் வந்து செய்தித்தாள் வாசித்தார் என்றதும் அவர் முகம் அசையவில்லை; அந்நோயில் முகம் அசைவதில்லை. கண் மட்டும் நிறைந்தது. "அவரு கேட்டது அவருக்குக் கிடைக்கல. எனக்குக் கிடைக்குமா, ஐயா?" என்றார். "தெரியாது, அண்ணாச்சி" என்றோம். வேறென்ன சொல்வது?

கொஞ்சநேரம் பேசாமலிருந்துவிட்டு, "எழுதுறதுக்கு ஒரு பேப்பர் தாங்க" என்றார். டெல்லிக்கு எழுதப்போகிறாரோ என்று நினைத்தோம். அவர் எழுதியது தம் சபைக் கமிட்டிக்கு. எழுத்து வர வரச் சிறுத்துப்போனபடியால், பாதிக்குமேல் அவர் சொல்லச் சொல்ல அவருடைய மனைவி எழுதினார்கள். கை நடுங்குகிறவர்களும், முழங்காற்படியிட முடியாதவர்களும் நம் சபையில் இத்தனைபேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திருவிருந்தை இருக்கும் இடத்திலேயே கொண்டுவந்து, பாத்திரத்தைக் குருவானவர் தாமே பிடித்துக் கொடுக்கும்படி ஒழுங்கு செய்யவேண்டும் என்பதே விண்ணப்பம். தம் பெயரோடு நான்குபேர் பெயரைச் சேர்த்திருந்தார். அந்த நால்வரும் எப்போது வருவதை நிறுத்தினார்கள் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கமிட்டி அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் இரண்டு கூட்டங்களில் தள்ளிவைத்தது. மூன்றாம் கூட்டத்துக்கு உபதேசியார் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு தாமே போனார்.

சிந்திக்கவும் கலந்து பேசவும்

1. நம் சபையில் நோயினாலே மெல்ல மெல்ல வராமல் நின்றுவிட்டவர்கள் யார்? அவர்களிடம் காரணத்தைக் கேட்டோமா, நாமே ஒன்றை நினைத்துக்கொண்டோமா?

2. நோயாளிகளுக்காக நாம் பேசும் இடங்களில், அவர்களே பேச இடம் கொடுக்கிறோமா?

3. நம் வாழ்நாளில் பலன் காணமாட்டோம் என்று தெரிந்த ஒரு காரியத்துக்காக நாம் கேட்டதுண்டா, கொடுத்ததுண்டா?

4. நம் தொகுதியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சாலைக்கும் தண்ணீருக்கும் கேட்கிறோம். நோயாளிகளின் வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கேட்கலாம் என்று எண்ணியிருக்கிறோமா?

வீட்டில் யாருக்காவது கையெழுத்து திடீரென்று சிறுத்தால், ஒரு கை மட்டும் நடக்கும்போது வீசாமல் தொங்கினால், மணம் தெரியாமல் போனால், வயது காரணம் என்று விட்டுவிடாமல் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த சந்திப்பில் உபதேசியாரைக் கண்டபோது, நடுக்கம் குறைந்ததா என்று கேட்டோம். "இல்ல, ஐயா. கூடத்தான் செஞ்சிருக்கு" என்றார். பிறகு, "போன மாசம் நாங்க அஞ்சு பேரும் திருவிருந்து எடுத்தோம்" என்றார்.